வர்க்க வேறுபாடும் திறமைக் கொள்கையும்: ஒரு மதிப்பீடு

1945ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்கச் சமூகவியற் சஞ்சிகையொன்றிலே எட்டுப் பக்க அளவினதாகிய ஒரு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியோர் கிங்ஸ்லி டேவிஸ், வில்பேட் மூர் என்னும் இருவர். சமூக அடுக்கமைவின் தத்துவங்கள் சிலவற்றை எடுத்துரைத்தல் அதன் நோக்கம். சமூகவியல் பயிலும் மாணவர் எந்நாட்டினராயினும் இன்றும் அக்கட்டுரையைக் கடந்தே அப்பாற் செல்லவேண்டியிருக்கின்றது. அதன் பெயரையே கேட்டறியாதவரும் அதன் கருத்தைத் தம் சொந்தக் கருத்தாகக் கொண்டிருத்தல் வியப்பிற்குரியது. வைத்தியருக்குப் பெருவருவாயும் பெருமதிப்பும் ஏன் உளவாயின, வீதி கூட்டுபவருக்கு இரண்டும் ஏன் இலவாயின என்று வினவினால், அவர் படித்தார், இவர் படிக்கவில்லை என்ற விடை உடனே வருகின்றதன்றோ? அவ்விடையை வரம்பிட்டு ஒரு கொள்கையாக்கியவர்களே டேவிசும் மூரும்.

அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டிற்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும் ஒன்று, பரிசு திறமைக்கே உரியது என்றது. மற்றொன்று, திறமை எக்குடியிற் பிறப்பினும் வெளிப்படுமாறு வாயிலைத் திறந்தது. இரண்டையும் ஒருங்கு நம்பியே பல தலைமுறை மாணவர் கல்லூரிகளுட் புகுந்தனர். அந்நம்பிக்கையில் எத்துணைப் பங்கு மெய், எத்துணைப் பங்கு ஆறுதல் என்பது ஆராயத்தக்கது.

டேவிசும் மூரும் கூறுவது வருமாறு. எந்தச் சமுதாயத்திலும் சில நிலைகள் ஏனையவற்றினும் இன்றியமையாதன. அவற்றுட் பல அரிய இயற்கை ஆற்றலையோ நெடுங்காலப் பயிற்சியையோ வேண்டி நிற்பன. பயிற்சி செலவும் வருத்தமும் உடையது. ஆதலின் தக்காரை ஈர்க்கும் பொருட்டு அந்நிலைகளோடு மிகுந்த ஊதியமும் மதிப்பும் இணைக்கப்படுகின்றன. ஆகவே ஏற்றத்தாழ்வு சூழ்ச்சியாலோ வன்முறையாலோ வந்ததன்று. சமுதாயம் தன் வேலை நடத்தற்பொருட்டுத் தன்னையறியாமலே கண்டுகொண்ட உபாயம் அது. சமுதாய உறுப்பு ஒவ்வொன்றையும் அது முழுமைக்குச் செய்யும் பணிகொண்டு விளக்கும் முறையாதலின் இதனைத் தொழிற்பாட்டுக் கொள்கை என்பர்.

இக்கருத்துப் புதியதன்று. பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலிலே, மக்கள் பொன்னும் வெள்ளியும் இரும்பும் வெண்கலமும் கலந்து பிறந்தோர் என்ற கதையைச் சோக்கிரதீசர் வாயிலாகக் கூறுவித்தார். குடிகள் தத்தம் நிலையில் அமைந்திருக்கும் பொருட்டுச் சொல்லப்படும் பொய் இது என்பதனை அவர் மறைத்தாரில்லை. பொன்னுக்கு இரும்பும் இரும்புக்குப் பொன்னும் பிறத்தலுண்டு எனவும், அங்ஙனம் பிறந்தாரை இடம் மாற்றுதல் வேண்டும் எனவும் சேர்த்துரைத்தார். பிளேட்டோவின் பொய்யில் இருந்த இந்நேர்மை இருபதாம் நூற்றாண்டின் மெய்யில் இருக்கின்றதா என்பதே வினா.

முதலில், நிலையொன்றின் இன்றியமையாமையை அளப்பது எவ்வாறு? ஊதியத்தைக் கொண்டு அளப்பதாயின் வாதம் தன் வாலைத் தானே விழுங்கும்: உயர்ந்த நிலையாதலின் உயர்ந்த ஊதியம், உயர்ந்த ஊதியமாதலின் உயர்ந்த நிலை. இதனை உணர்ந்தே கட்டுரையாசிரியர் இருவரும் வேறு இரண்டு குறிகளைச் சுட்டினர். அந்நிலை செய்யும் பணியைப் பிறிதொன்று செய்யவியலாமை ஒன்று. ஏனைய நிலைகள் அதனைச் சார்ந்து நிற்றல் மற்றொன்று. இரண்டாவது குறியைக் கையிலெடுத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்துள் நுழைந்து பார்க்கலாம். கங்காணி, கணக்கப்பிள்ளை, தொழிற்சாலை மேற்பார்வையாளர், துரை, கொழும்பிலுள்ள ஏற்றுமதி வணிகர் ஆகிய அனைவரும் சார்ந்து நிற்பது கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களை. அவ்விரல்கள் ஒரு கிழமை ஓய்ந்தால் ஏனையோர் செய்தற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அவளது கூலியே அவ்வரிசையில் கடையது. அவளுக்குப் பதிலாக மற்றொருத்தியை எளிதிற் கொள்ளலாமே என்று கொள்கையினர் விடையிறுப்பர். அது உண்மையே. ஆனால் அவ்விடை, ஊதியத்தைத் தீர்மானிப்பது இன்றியமையாமையன்று, அருமையே என்பதனை ஒப்புக்கொள்ளுகின்றது. அருமையோ பெரும்பாலும் இயற்கையால் வருவதன்று, ஆக்கப்படுவது. வேறு தொழிலுக்கும் வேறு பள்ளிக்கும் வழியற்ற ஒரு மக்கட்கூட்டம் மலைச்சரிவிலே தலைமுறை தலைமுறையாக நிறுத்திவைக்கப்பட்டமையாலேயே கொழுந்து பறிப்போர் மலிந்தனர்.

1953ஆம் ஆண்டில் மெல்வின் ரியூமின் என்பார் அதே சஞ்சிகையில் இக்கொள்கையை மறுத்தெழுதினார். அவரது மறுப்பிற் சிறந்த பகுதி பயிற்சியின் வருத்தம் பற்றியது. பயிற்சிக் காலச் செலவைப் பெரும்பாலும் இறுப்பவர் மாணவரல்லர், பெற்றோர். அப்பெற்றோர் அதனை இறுக்க வல்லவராயிருத்தற்குக் காரணம் அவர்கள் முன்னரே உயர்ந்த ஊதியம் பெறும் நிலையில் இருத்தலாகும். மாணவர் இழந்ததாகச் சொல்லப்படும் சில ஆண்டுச் சம்பளமோ பின்னர் விரைவில் ஈடுசெய்யப்படுகின்றது. பல்கலைக்கழகத்து விடுதியில் நூலும் நண்பரும் சூழக் கழியும் காலம், அதே வயதினன் ஒருவன் மேசன் வேலையில் சீமெந்து சுமந்து கழிக்கும் காலத்தினும் வருத்தமுடையது என்று சொல்லத் துணிவார் யார்? மேலும், மேல்நிலைகளுக்குரிய ஆற்றல் அரிது என்பதும் நிறுவப்பட்டதொன்றன்று. தேடப்படாத இடங்களில் இருக்கும் ஆற்றலை எண்ணிப் பார்த்தவர் எவருமிலர்.

கொள்கை முழுவதும் பிழையென்று தள்ளுதலும் பொருந்தாது. சில கடமைகள் பிறவற்றினும் அரியன என்பதும், அவற்றை மேற்கொள்வார்க்கு ஏதேனும் ஊக்கம் வேண்டும் என்பதும் பொதுவறிவுக்கு ஒத்தனவே. ஆனால் அவ்வூக்கம் இரண்டு மடங்கா, இருநூறு மடங்கா என்பதற்குக் கொள்கையில் விடையில்லை. எத்துணைப் பெரிய வேறுபாட்டையும் அது ஒரே வாக்கியத்தால் நியாயப்படுத்திவிடும். அளவுகாட்டாத தராசினால் யாது பயன்?

இவையெல்லாவற்றினும் பெரிய குறை பிறிதொன்று உண்டு. தமது ஆராய்ச்சி நிலைகளைப் பற்றியதே அன்றி அவற்றில் அமர்ந்திருக்கும் ஆட்களைப் பற்றியதன்று எனக் கட்டுரையின் தொடக்கத்திலேயே டேவிசும் மூரும் எல்லை வகுத்துக்கொண்டனர். தருக்க முறையால் நோக்கின் இவ்வெல்லை குற்றமற்றது. ஆனால் வர்க்கம் என்னும் சொல் உலகில் எழுப்பிய வினா முழுவதும் அவ்வெல்லைக்கு அப்பால் இருக்கின்றது. நாட்டிற்கு அரியணை ஏன் வேண்டும் என்பது ஒரு வினா. அதில் அரசன் மகனே ஏன் அமர்கின்றான் என்பது வேறு வினா. முன்னதற்கு விடை சொல்லிவிட்டுப் பின்னதற்கும் சொல்லியாயிற்று என்று நினைக்கச் செய்தமையே இக்கட்டுரையின் செல்வாக்கிற்குக் காரணம் எனலாம். உயர்நிலைகள் தக்காரால் நிரப்பப்படும்பொருட்டே பரிசுகள் உள்ளன என்று படிப்பவர், இன்று அந்நிலைகளில் இருப்போரெல்லாம் தக்காரே என்று முடிவுசெய்துகொள்கின்றார். கட்டுரை அதனைச் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை.

தொழிற்பாட்டு நோக்கின் முன்னோராகக் கருதப்படும் பிரெஞ்சு அறிஞர் எமில் டூர்க்ஹைம் இவ்விடத்தில் தம் வழிவந்தோரினும் தெளிவுடையவர். 1893இல் வெளிவந்த தொழிற்பகுப்புப் பற்றிய நூலிலே, பிறப்பினாலேயே சிலர் செல்வரும் சிலர் வறியருமாய் இருக்கும் வரையில் அவர்களுக்கிடையே செய்யப்படும் ஒப்பந்தம் நீதியுடையதாகாது என்று அவர் வாதித்தார். அங்ஙனம் வாய்த்த தொழிற்பகுப்பை வலிந்து திணிக்கப்பட்டது எனவும் பெயரிட்டார்.

இரண்டாம் வினாவையே முதல் வினாவாகக் கொண்டவர் கார்ல் மார்க்ஸ். உற்பத்திச் சாதனங்களை உடையார், தம் உழைப்பன்றிப் பிறிதொன்றும் இல்லார் என்னும் பிரிவே வர்க்கம். உடைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லுமாதலின் வர்க்கமும் செல்லும். ஊதியம் என்பது பணியின் சிறப்பிற்கு அளிக்கப்படும் பரிசு என்ற மயக்கம் அவரிடத்தில் இல்லை. நிலமும் ஆலையும் தோட்டமும் உள்ள இடங்களிலெல்லாம் இவ்விளக்கம் இன்றும் வலியுடையதே. 2013இல் தோமஸ் பிக்கெற்றி எழுதிய நூல், பரம்பரைச் செல்வத்தின் பங்கைப் பல நாடுகளின் வரிக் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்தபோது பொருளியலாரே அவ்வினாவுக்கு மீளவேண்டியதாயிற்று.

ஆயினும் மார்க்ஸ் வர்க்கத்திற்கு வரைவிலக்கணம் கூற முற்பட்ட அத்தியாயம் முற்றுப்பெறவில்லை. அவர் 1883இல் மறைந்தபின் ஏங்கெல்ஸ் 1894இல் பதிப்பித்த 'மூலதனம்' மூன்றாம் பாகத்தின் இறுதியில் அது ஒன்றிரண்டு பக்கங்களோடு அறுந்து நிற்கின்றது. அறுபடுவதற்குச் சற்று முன்னர், வருவாயின் ஊற்றுவாயைக் கொண்டே வர்க்கத்தைப் பகுப்பதாயின் வைத்தியரும் அரசாங்க உத்தியோகத்தரும்கூட இரு வேறு வர்க்கங்களாவரே என்று தமக்குத்தாமே தடை எழுப்புகின்றார். விடை வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் மக்களுக்கு விரும்பிய இரண்டு நிலைகளும் இவையே என்பதனை எண்ணுங்கால், இங்குள்ள வாசகனுக்கு மிக வேண்டியதாகிய இடத்திலேயே ஏடு தவறிவிட்டது என்று தோன்றும். நிலமோ ஆலையோ இன்றிச் சான்றிதழை மட்டும் உடைமையாகக் கொண்ட ஒரு வகுப்பாரை எவ்விடத்தில் வைப்பது?

அவ்விடத்தைக் காட்டியவர் மக்ஸ் வெபர். 1920இல் அவர் இறந்தபின் வெளியிடப்பட்ட 'பொருளாதாரமும் சமுதாயமும்' என்னும் பெருநூலில் வர்க்கத்தைச் சந்தையில் ஒருவர்க்குள்ள வாழ்வு வாய்ப்பாக விளக்கினார். சந்தைக்குக் கொண்டுவரப்படுவது நிலமாகவும் இருக்கலாம், கற்ற கலையாகவும் இருக்கலாம். வர்க்கத்தினின்றும் வேறாக மதிப்புநிலை என்ற ஒன்றையும் அவர் பிரித்தார். யாழ்ப்பாணத்தை விளங்கிக்கொள்வார்க்கு இப்பிரிவு இன்றியமையாதது. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் பற்றி எழுந்த பிணக்கைப் பணத்தின் கணக்கைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. வாங்கில் ஒன்றாக இருக்கலாகாது என்று விலக்கப்பட்ட பிள்ளையின் தந்தை வறியவரா அல்லரா என்பது அங்கே வினாவாகவில்லை.

வெபரின் நூலில் தேர்வுச் சான்றிதழ் பற்றிய பகுதி சிறியது. ஆனால் இப்பொருளுக்கு அதுவே உயிர்நிலை. எங்கும் தேர்வுகளும் பட்டங்களும் வேண்டுமென்று எழும் ஆரவாரத்திற்குக் காரணம் திடீரெனப் பிறந்த கல்வித் தாகமன்று. உயர்ந்த பதவிகளுக்கு வருவோர் தொகையைச் சுருக்கி அவற்றைச் சான்றிதழ் உடையார்க்கே உரிமையாக்கும் விருப்பமாகும் என்கின்றார். அச்சான்றிதழைப் பெறுதற்கு நெடுங்காலமும் பெருஞ்செலவும் ஆதலின், தேர்வு பெருகப்பெருக இயற்கை ஆற்றல் பின்தள்ளப்பட்டு உடைமை முன்னிற்கும் என்பதும் அவர் கருத்து. பயிற்சியின் அருமையை ஊதியத்திற்கு நியாயமாகக் காட்டினர் டேவிசும் மூரும். அதே அருமையை வாயிலடைக்கும் கதவாகக் கண்டவர் அவர்களுக்குக் கால் நூற்றாண்டு முன்னரே மறைந்த வெபர்.

இவ்விரு கூற்றுகளுள் எது மெய் என்பதனைச் சோதித்தற்கு இங்கிலாந்து ஒரு களமாயிற்று. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கிற்று. பதினொரு வயதில் நடந்த தேர்வினால் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். அதன் பயனை அறிய 1972இல் ஏறத்தாழப் பதினாயிரம் ஆடவரிடம் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் விவரந் திரட்டினர். ஹால்சி, ஹீத், ரிட்ஜ் என்போர் 1980இல் வெளியிட்ட நூல் கூறும் கணக்கு எண்ணத்தக்கது. உயர்தொழில் புரிவோர் வீட்டுச் சிறுவனுக்கும் தொழிலாளர் வீட்டுச் சிறுவனுக்கும் இடையே, பதினாறு வயதிற் பாடசாலையில் இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு வேறுபட்டது, பதினேழில் எட்டு மடங்கு, பதினெட்டிற் பத்து, பல்கலைக்கழகத்திற் பதினொரு மடங்கு. படி ஏற ஏற ஏணி ஒடுங்கிச் செல்கின்றது. கட்டணம் நீங்கியும் இவ்வொடுக்கம் நீங்கவில்லை.

அதே விவரங்களைக் கொண்டு ஜோன் கோல்ட்தோர்ப் எழுதிய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. தொழிலாளர் மக்கள் பலர் உண்மையிலே மேலேறியிருந்தனர் என்பதனை அவர் மறைக்கவில்லை. ஆயின் மேல்தளத்தில் இருக்கைகள் பெருகினமையே அதற்குக் காரணம். இருக்கைக்குப் போட்டியிடுவோர்க்கு இடையிலுள்ள வாய்ப்பு வேறுபாடு பெரிதும் மாறவில்லை என்று காட்டினார். தன் ஊரில் எழுதுவினைஞரும் ஆசிரியரும் வைத்தியரும் பெருகியதைக் கண்டு சமத்துவம் வந்துவிட்டது என்று மகிழ்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

கட்டணமில்லாத பள்ளியில் வேறுபாடு எவ்வழியாக நுழைகின்றது? பிரான்சு நாட்டினரான பியர் பூர்தியூவும் பாசரோனும் 1964இல் எழுதிய 'உரிமையாளர்' என்னும் பொருள்தரும் நூலில் இதற்கு விடை தேடினர். பள்ளி தான் கற்பியாத ஒன்றையே பிள்ளையிடம் எதிர்பார்க்கின்றது: செம்மையான பேச்சு, நூலோடு பழக்கம், ஆசிரியர் முன் கூச்சமின்மை. இவை வீட்டிலே மூச்சோடு உட்கொள்ளப்படுவன. அவற்றை உடைய பிள்ளையைப் பள்ளி விவேகி என்றும் இல்லாத பிள்ளையை மந்தன் என்றும் எழுதிக்கொள்கின்றது. இங்ஙனம் வீட்டுச் சொத்து இயற்கை அறிவாக வேடம் பூணுகின்றது. இதனைப் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றார். இலங்கையில் ஆங்கிலம் அத்தகைய மூலதனத்திற்கு எடுத்துக்காட்டு. சிங்கள இளைஞர் அம்மொழியைக் 'கடுவ', அஃதாவது வாள், என்று அழைப்பதில் ஒரு சமூகவியல் நூலின் சாரம் அடங்கியிருக்கின்றது.

புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாட்டாக வழங்கும் கல்விச் செய்யுள் பரிசளிப்பு விழாக்களில் ஓயாது எடுத்தாளப்படுவது. கற்றவன் கீழ்க்குடியினனாயினும் மேற்குடியினன் அவனுக்கு அடங்குவான் என்ற அதன் முடிவையே பேச்சாளர் வற்புறுத்துவர். அச்செய்யுளின் தொடக்கமோ, ஆசானுக்கு வேண்டுழி உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் கற்கவேண்டும் என்பது. முடிவில் வரும் பெருமைக்கு முதலில் ஒரு விலை உண்டு. பாண்டியன் அவ்விலையை மறைக்கவில்லை. விழாப் பேச்சாளரே விட்டுவிடுகின்றனர்.

பூர்தியூவின் கொள்கையிலும் ஒரு குறை உண்டு. வறிய வீட்டிலிருந்து மேலேறிய பிள்ளையை அது தற்செயல் போலவே காண்கின்றது. 1973இல் றேமோன் பூதோன் இதனைத் திருத்தினார். இரு பிள்ளைகள் ஒரே புள்ளிகளைப் பெற்ற இடத்திலும் அவர்கள் செல்லும் வழி வேறுபடும் என்று அவர் சுட்டினார். அங்கே பிரிப்பது அறிவோ மொழியோ அன்று, குடும்பத்தின் கணக்கு. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்ற இந்நாட்டுச் சட்டம் இடமளிக்கின்றது. முதற்றடவை சில புள்ளிகளால் தவறிய இருவருள் அப்புக்காத்தின் மகன் மீண்டும் படிக்கின்றான். கமக்காரனின் மகனுக்குத் தங்கையின் சீதனமும் வீட்டுக் கடனும் முன்னே நிற்கின்றன. அவன் கடையிற் சேருகின்றான். பத்தாண்டு கழித்து ஊரார் முன்னவனைத் திறமைசாலி என்பர். பின்னவன் தோற்றான் என்று சொல்வதினும் அவன் இன்னொரு முறை ஆட்டத்திற்கு வரவில்லை என்பதே பொருந்தும்.

இனி இலவசக் கல்வியை நோக்குக. அதன் சாதனையைக் குறைத்துப் பேசுதல் நன்றியின்மையாகும். கன்னங்கரா முதலியோர் நீக்கிய கட்டணம், அதுவரை ஆங்கிலப் பாடசாலை வாயிலில் நின்று திரும்பிய பல்லாயிரவரை உள்ளே கொண்டுவந்தது. ஆனால் கட்டணம் செலவில் ஒரு பகுதியே. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் புறத்தே நின்று 1970களிலேயே அரசின் பொறுப்பிற்குள் வரலாயின. பதவிகள் பட்டதாரிகளினும் மெதுவாகப் பெருகவே ஒரே வேலைக்கு மேலும் மேலும் உயர்ந்த சான்றிதழ் கேட்கப்பட்டது. றொனால்ட் டோர் 1976இல் எழுதிய 'பட்டநோய்' என்னும் நூலில் இங்கிலாந்து, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் சான்றாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே. இலவசப் பாடசாலைக்குப் பக்கத்தில் கட்டணம் வாங்கும் ரியூட்டரி எழுந்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே அங்குப் பிள்ளைகள் வரிசையாகச் செல்வதைக் காண்போர், முன்வாயிலில் நீக்கப்பட்ட கட்டணம் பின்வாயிலால் மீண்டதை அறிவர்.

திறமை என்னும் சொல் தமிழ் மாணவர்க்கு வெறுஞ் சொல்லன்று. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது அவர்கள் கையிலேந்திய கேடயம் அதுவே. மொழி பற்றிப் புள்ளியெல்லை வேறுபடலாகாது என்ற அவ்வாதம் நியாயமானது. ஆனால் ஓர் அநீதிக்கு எதிராக ஏந்திய கேடயத்தைத் தன் வீட்டினுள்ளிருக்கும் வேறோர் அநீதியை மறைக்கும் திரையாகவும் தொங்கவிடுதல் பொருந்தாது. பட்டினத்துக் கல்லூரிக்கும் தீவுப்பகுதியின் சிறு பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரம் இனத்தின் பெயரால் விளக்கப்படுவதன்று.

தேர்வு முழுவதும் நேர்மையாகவே நடந்துவிட்டால் யாது நிகழும்? இவ்வினாவை எழுப்பியவர் இங்கிலாந்தின் மைக்கேல் யங். திறமையாட்சியின் எழுச்சி பற்றி 1958இல் அவர் எழுதிய நூல் ஓர் அங்கதம். 2034ஆம் ஆண்டில் வாழும் ஒரு சமூகவியலாளன் எழுதுவதாக அமைந்தது. அங்கே அறிவுக்கூர்மையோடு முயற்சியைக் கூட்டினாற் பெறுவதே திறமை. மேலிருப்போர் தம் உயர்வு தமக்கே உரியதென்று இறுமாந்திருப்பர். கீழிருப்போர்க்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் பறிபோய்விடும். டேவிசும் மூரும் வகுத்த ஒழுங்கு முழுமையுற்றால் அமையும் உலகம் ஏறக்குறைய இதுவே. யங் எச்சரிக்கையாகப் படைத்த சொல்லை அரசியலாளர் புகழ்ச்சொல்லாக்கிக்கொண்டனர். 2001இல், மறைவதற்கு முந்திய ஆண்டில், அதனைப் பத்திரிகையில் அவர் வருத்தத்தோடு கண்டித்தார்.

அந்நூலிலே திறமையாட்சியை இறுதிவரை புகழ்ந்துகொண்டே செல்லும் அச்சமூகவியலாளன், கிளர்ச்சி பெரிதாகாது என்று உறுதியாகக் கூறுகின்றான். அச்சுத்தாளைத் திருத்துதற்கு அவனிடம் அனுப்ப இயலவில்லை எனவும், பீற்றர்லூவில் அக்கிளர்ச்சியிலேயே அவன் கொல்லப்பட்டான் எனவும் பதிப்பாளர் ஈற்றில் ஒரு குறிப்பு எழுதுகின்றனர்.